பக்கத்துப் படுக்கையின் சிறுநீரகம்

அக்கா முதலில் எங்கள் ஆஸ்பத்திரியின் புகார்ப் பிரிவில் இருந்தார். அங்கே அவர் செய்த ஒரே குற்றம், வந்த புகார்களைப் படித்ததுதான். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் காகிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, பெட்டிக்குள் போடுவார்கள். பெட்டி நிறைந்தால் இன்னொரு பெட்டி வரும். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அக்கா படித்ததோடு நிற்காமல் பதில் வேறு போட ஆரம்பித்தார். 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும் லிஃப்டில் ஸ்ட்ரெச்சரை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'தாராளமாக ஏற்றலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வாரமே இந்த அம்மாவை எங்கே தள்ளுவது என்று மேல்மாடியில் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறுநீரகப் பரிமாற்றத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்து வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுமாம். வந்து சேர்ந்தது வியாழக்கிழமை மாலை. கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்படின்னா என்ன?" என்று கேட்டார். சுற்றி நின்ற நாலு பேருக்கும் தெரியவில்லை.

"யாருக்கும் தெரியாத வேலையா? அப்ப அந்தம்மாவுக்கே குடுத்துடுங்க" என்றார்.

அப்படித்தான் அக்கா எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதிர் அறை பழைய போர்வை, தலையணை உறை போட்டுவைக்கும் கிடங்கு. போர்வைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னல் கிடையாது. அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. முதல் வாரம் முழுக்க வந்த காகிதங்களைப் படித்தார். இரண்டாவது வாரம் என் கூடத்துக்கு வந்து, ரத்த வகை பற்றி இரண்டு மணி நேரம் என்னைக் குடைந்தெடுத்தார். மூன்றாவது வாரம் எனக்கே அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இதோ பாரு. என் புருஷனுக்கு நான் கிட்னி குடுக்கத் தயார், ஆனா என் ரத்த வகை அவருக்கு ஒத்துக்காது. உன் வீட்லயும் இதே கதை. ஆனா என்னோடது உன் வீட்டு ஆளுக்கு ஒத்துக்குது, உன்னோடது என் வீட்டு ஆளுக்கு ஒத்துக்குது. அப்ப ரெண்டு பேரும் தலையில கையை வச்சுக்கிட்டு ஏன் உக்காந்திருக்கணும்? மாத்திக் குடுத்துட்டாப் போச்சு."

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான். இதைச் சொல்றதுக்குத்தான் அறுபத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க."

*

கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் கூடம். பன்னிரண்டு படுக்கை, ஒரே ஒரு ஏசி. வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், அங்கே மனிதர்கள் குழாயோடு கிடப்பார்கள். ஏழாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். இருபத்தைந்து வருஷம் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், அதனால் ஏசி பதினெட்டில் இருந்தாலும் புழுங்குகிறது என்பார். எட்டாம் படுக்கையில் குடிநீர் வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது எல்லாரும் 'ஆபீசர்' என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அப்படிக் கூப்பிடாதவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு இருபத்தெட்டுக்குக் கீழே போனால் நடுக்கம் வந்துவிடும்.

ரிமோட்டுக்காக இருவருக்கும் ஒன்றரை வருஷமாகச் சண்டை. ஒரு நாள் டிரைவர் ரிமோட்டைத் தன் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டார். ஆபீசர் புகார் எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை டிரைவருக்கே கொடுத்தார். கடைசியில் நர்ஸ் இருபத்துநாலில் வைத்து ரிமோட்டை அலமாரியில் பூட்டினார். அன்று முதல் இருவரும் நர்ஸைத் திட்டுவதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

டிரைவரின் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லர். நாற்பத்தேழு வயது. புருஷனுக்குக் கிட்னி தருகிறேன் என்று முதல் நாளே வந்து நின்றவர். டிரைவர் 'ஏ' வகை, அவர் 'பி' வகை. அந்தக் கோப்பு ஒரு வருஷம் இரண்டு மாதமாக அக்காவின் மேஜையில் இருந்தது. அக்கா ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்கு வாராவாரம் போன் போட்டுக்கொண்டிருந்தார். 'பி' நோயாளி, 'ஏ' கொடையாளி, அப்படி ஒரு குடும்பம் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை என்றார்கள். தேடிச் சொல்கிறோம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் பிறகு போனே எடுக்கவில்லை.

ஒரு நாள் அதிகாரிகளுக்கு மட்டுமான அந்த லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். முப்பத்துநாலு வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். வேலையை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே அக்காவின் கதவருகே வந்து நின்றார்.

"மேடம், இங்கதான் கிட்னி விஷயம் பாக்குறீங்களா? நான் தரேன்னு எழுதிக் குடுத்து ஒன்பது மாசம் ஆச்சு. ஒரு தகவலும் இல்லை."

"யாருக்குத் தரீங்க?"

"என் மாமனாருக்கு. கீழ எட்டாம் நம்பர் பெட்."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "உங்க ரத்தம் என்ன வகை?"

"ஏ."

"அவருக்கு?"

"பி. சேராதுன்னு சொல்லிட்டாங்க. வேற வழி இருக்கு, எழுதிக் குடுங்கன்னாங்க. குடுத்தேன்."

அவர் எழுதிக் கொடுத்த காகிதம் எங்கே போனது என்று தேடினோம். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் மனைவி, கணவர், அப்பா, அம்மா, பிள்ளை, பெண், உடன்பிறந்தவர் என்று ஏழு கட்டம் இருந்தது. மருமகனுக்குக் கட்டம் இல்லை. வாங்கிய எழுத்தர் யோசித்துப் பார்த்து 'இதர' என்று எழுதியிருக்கிறார். 'இதர' என்று எழுதிய கோப்புகளுக்குத் தனி அலமாரி. அலமாரியின் சாவியை வைத்திருந்தவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் எப்போது திரும்புவார் என்ற தகவலும் அதே அலமாரிக்குள் இருந்ததாம்.

"உங்ககிட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்கில்ல?" என்று மெக்கானிக்கிடம் அக்கா கேட்டார்.

இரண்டு நிமிஷத்தில் அலமாரி திறந்தது. உள்ளே முப்பத்தொரு கோப்புகள். அண்ணி, மைத்துனர், சித்தி, மருமகள், பெரியப்பா மகன் என்று மனம் வந்து கொடுக்க நின்ற முப்பத்தொரு பேரும் தூசி படிந்து கிடந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வைமேல் அடுக்கினார். அவர் கோபத்தில் இருக்கும்போது பேச மாட்டார், வேலைதான் வேகமாக நடக்கும்.

மறுநாள் நாலு பேருடைய ரத்தமும் என் கூடத்துக்கு வந்தது. டெய்லரம்மாவுடையது ஆபீசருக்கு, மெக்கானிக்குடையது டிரைவருக்கு. இரண்டும் ஒத்துப்போயின. ஒன்பது ஆஸ்பத்திரிகளில் வலைபோட்டுத் தேடிய ஜோடி, நாலடி தூரத்தில் ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது.

*

கொடுக்கிற குடும்பமும் வாங்குகிற குடும்பமும் ஆபரேஷன் முடியும்வரை ஒருவரை ஒருவர் அறியக் கூடாது. அது விதி. விதியை எங்கள் நிர்வாகம் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ரகசியம் காப்போம் என்று உறுதிமொழி வாங்குவதற்காக இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே அறைக்குக் கடிதம் போட்டு அழைத்தது. அக்காவுக்கு விஷயம் தெரிந்து ஓடிப் போவதற்குள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"இவனா?" என்றார் ஆபீசர்.

"இவரா?" என்றார் டிரைவர்.

எழுத்தர் ஒன்றும் புரியாமல், "ரகசியம்னு இருக்கிற இடத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

ஆபீசர் கையெழுத்துப் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெய்லரம்மாவின் காகிதத்தைத்தான் படித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"இது என்ன நியாயம்? எங்க பக்கத்துலேர்ந்து போறது முப்பத்துநாலு வயசுக் கிட்னி. எங்களுக்கு வர்றது நாப்பத்தேழு. கண்ணுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் நஷ்டம்!"

அவர் பின்னால் நின்ற மகள் முகம் சுண்டிப் போனது. அந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து ஆறு வருஷமாக ஆபீசர் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. 'அந்த லிஃப்ட்காரன்' என்றுதான் சொல்வார், அதுவும் சுவரைப் பார்த்து. இன்றைக்கு அந்த லிஃப்ட்காரனின் கிட்னி திடீரென்று குடும்பச் சொத்தாகிவிட்டது.

டிரைவர் விடுவாரா? "எனக்கு அவங்க வீட்டுக் கிட்னியே வேண்டாம். உள்ள வந்து உக்காந்துக்கிட்டு ராத்திரியெல்லாம் குளிருதுன்னு நச்சரிக்கும்."

"உள்ள வரப்போறது இந்தத் தம்பியோடது. அவரோடது இல்லை. வாயை மூடுங்க" என்றார் டெய்லரம்மா. பிறகு ஆபீசரைப் பார்த்தார். "சார், இந்த மனுஷனோட இருபத்துநாலு வருஷம் காலம் தள்ளின உடம்பு இது. அதுல இருக்கிற கிட்னி எதையும் தாங்கும். உங்களையும் சமாளிச்சுடும்."

மெக்கானிக் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் விறைப்பாக எழுந்து கிளம்பப் போனார். அக்கா அவரைத் தனியாக ஜன்னலோரம் கூட்டிப் போனார். நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது.

"சார், ஒரு விஷயம் யோசிச்சுப் பாத்தீங்களா? உங்க மருமகனோடது உங்களுக்குச் சேந்திருந்தா, காலத்துக்கும் அவர் குடுத்ததை உள்ள வச்சுக்கிட்டு நடக்கணும். இப்ப அப்படி இல்லை. உங்களுக்குக் குடுக்கிறது அந்தம்மா. மருமகன்கிட்டேர்ந்து நீங்க ஒண்ணுமே வாங்கலை."

ஆபீசர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"இதை எழுத்துல தருவீங்களா?"

அக்கா எழுதிக் கொடுத்தார். முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். மகள் அறையை விட்டு வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் சொன்னது உங்களுக்கு வலிச்சிருக்கும்மா. ஆனா உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வாரம் மூணு தடவை வர்றது நின்னாப் போதும் எனக்கு. அவரைத் திருத்துறது என் வேலையில்லை."

*

அடுத்து அனுமதிக் குழு. யாரும் காசுக்கோ மிரட்டலுக்கோ கிட்னி தரவில்லை என்று உறுதிப்படுத்துவது அவர்கள் வேலை. நல்ல வேலைதான். ஐந்து பேர் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரம்மாவிடம், நீங்கள் இவருடைய மனைவிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கல்யாண போட்டோ இல்லை, வெள்ளத்தில் போய்விட்டது.

"சரி, உங்க கணவர் எந்தப் பக்கம் படுப்பார்?"

"அவர் எங்கங்க படுத்தாரு? பாதி ராத்திரி டிப்போவுல, மீதி ராத்திரி பஸ்ஸுலதான். வீட்டுக்கு வந்தா எந்தப் பக்கம் இடம் இருக்கோ அந்தப் பக்கம்."

குழு தங்களுக்குள் குசுகுசுவென்று பேசியது. அதற்குள் டிரைவர் குறுக்கே புகுந்து, சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டி, தைத்தது சரியில்லை, கழுத்தை அறுக்கிறது என்று முறையிட்டார். டெய்லரம்மா, போட்டால் கழுத்தை நேராக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். சண்டை ஐந்து நிமிஷம் நடந்தது. தலைவர் கையைத் தூக்கி, "போதும், மனைவிதான்" என்று எழுதிக்கொண்டார்.

மெக்கானிக்கை உள்ளே கூப்பிட்டார்கள்.

"கிட்னி தரச் சொல்லி உங்க மாமனார் உங்களை வற்புறுத்தினாரா?"

"அவர் என்கிட்ட பேசறதே இல்லைங்க."

"ஜாடையா ஏதாவது சொன்னாரா? ஆசை காட்டினாரா?"

"ஆறு வருஷமா என் முகத்தையே பாக்கலைங்க."

குழுவுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுத்தமான வழக்கு அவர்கள் பார்த்ததே இல்லையாம். 'எவ்விதத் தூண்டுதலும் இல்லை' என்று அடிக்கோடு போட்டு எழுதினார்கள். கடைசியாக ஒரு பெண் உறுப்பினர் மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம் ஏன் தரீங்க?"

மெக்கானிக் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "டயாலிசிஸ் நாள்ல என் வீட்டம்மா சாப்பிடறதில்லைங்க. வாரத்துல மூணு நாள். அவ சாப்பிடணும்."

*

ஆபரேஷன் நாள் குறித்தாயிற்று. நாலு தியேட்டர், நாலு குழு, காலை எட்டு மணிக்கு ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் முதலில் முடிந்துவிட்டால், இன்னொரு பக்கத்துக் கொடையாளி மனம் மாறி வீட்டுக்குப் போகலாம். அவரைப் பிடித்து நிறுத்த எந்தச் சட்டமும் கிடையாது. கொடுத்த குடும்பம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஏழேகால் மணிக்குக் கண்காணிப்பாளர் புதுச் சட்டையோடு வந்தார். பின்னால் ஒரு போட்டோகிராபர்.

"அம்மா, மந்திரி பதினொரு மணிக்கு வர்றார். நாலாம் தியேட்டரை அவர் ரிப்பன் வெட்டித் தொடங்கி வைக்கட்டும். மத்த மூணும் நீங்க இப்பவே ஆரம்பிச்சுக்கங்க."

"சார், நாலாம் தியேட்டர்லதான் மெக்கானிக். அங்க தொடங்கலைன்னா டிரைவருக்குக் கிட்னி இல்லை. அவர் சம்சாரம் மட்டும் குடுத்துட்டுப் படுத்திருப்பாங்க."

"மூணு மணி நேரம்தானே? அந்தப் பையன் எங்க ஓடிப் போயிடப் போறான்?"

அக்கா மேஜைக்குப் போய் ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். 'விதிப்படி ஒரே நேரத்தில் தொடங்க வேண்டிய சிகிச்சையை மூன்று மணி நேரம் பிரித்துச் செய்யுமாறு நான் உத்தரவிடுகிறேன். அதனால் வரும் எல்லா விளைவுக்கும் நானே பொறுப்பு.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார். நான் இப்பவே தியேட்டருக்குச் சொல்லிடறேன்."

எங்கள் கண்காணிப்பாளர் பதினெட்டு வருஷப் பணியில் பெரிதாக எதிலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை. அப்படித்தான் அவ்வளவு உயரத்துக்கு வந்தவர். தாளைக் கையில் வாங்காமலே படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

"மந்திரிக்கு வார்டுல ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். போட்டோகிராபர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அந்த நாளில் நான் பார்த்த ஒரே நல்ல படம் அந்தச் சிரிப்புதான். அதை எடுக்க ஆள் இல்லை.

எட்டு மணிக்கு அக்கா நாலு தியேட்டருக்கும் நடுவில் நின்று இன்டர்காமில் கேட்டார். ஒன்று தயார். இரண்டு தயார். மூன்று தயார். நாலு தயார். "ஆரம்பிங்க" என்றார். அதன் பிறகு ஏழு மணி நேரம் அவர் உட்காரவில்லை. பதினொரு மணிக்கு வந்த மந்திரி, எலும்பு வார்டில் ஒரு புதிய தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

*

இரண்டு கிட்னியும் வேலை செய்தன. டிரைவருக்கு ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் வந்துவிட்டது. ஆபீசருக்கு இரண்டாவது வாரம் உடம்பு எதிர்ப்புக் காட்டி, மருந்தைக் கூட்டி, பத்து நாள் எல்லாரும் பயந்து, பிறகு சரியானது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஆபீசர் ஒரே பாட்டைப் பாடினார். "எனக்குக் குடுத்தது டெய்லரம்மா. லிஃப்ட்காரன் குடுத்தது அந்த டிரைவருக்கு. எனக்கு அவன் ஒண்ணும் குடுக்கலை." சந்தேகப்பட்டவர்களுக்கு அக்கா எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினார்.

அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மெக்கானிக்கிடம் ஒரு நாள், "மன்னிச்சுக்குங்க தம்பி, நான்தான் அந்தப் பேச்சுக்கு வழி பண்ணிக் குடுத்தேன்" என்றார்.

அவர் சிரித்தார். "விடுங்க மேடம். அது தொல்லையே இல்லை. டிரைவர் அண்ணன்தான் தொல்லை. ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போனதும் எனக்கு போன் பண்ணி எவ்வளவுன்னு சொல்றாரு. நேத்து நடுராத்திரி ரெண்டு தடவை."

ஆறாவது வாரம் நாலு பேரும் பரிசோதனைக்கு வந்தார்கள். என் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிவுகளை வாங்கிப் பார்த்த ஆபீசர், பக்கத்தில் எட்டிப் பார்த்தார்.

"உனக்கு எவ்வளவு காட்டுது?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்றார் டிரைவர்.

ரத்தத்தில் இருக்கும் கிரியாட்டினின் அளவு அது, குறைவாக இருந்தால் கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆபீசருடையது ஒன்று புள்ளி ஐந்து. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்த நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருக்காதா பின்னே? எங்க வீட்டுக் கிட்னி."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிளம்பும்போது மெக்கானிக் குனிந்து மாமனாரின் மருந்துப் பையைத் தூக்கப் போனார், விலாவில் கை வைத்துக்கொண்டு. ஆபீசர் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னும் ஒரு மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

டெய்லரம்மா, "சார், சுவரு ஒண்ணும் தூக்கலையே" என்றார்.

ஆபீசர் திரும்பினார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் மருமகன் முகத்தை நேராகப் பார்த்தார். "பையைக் குடுப்பா" என்றார். வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கூட வந்திருந்த மகள் பின்னாலேயே போனாள்.

அந்த வருஷம் சிறந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சை நிர்வாகத்துக்கான கேடயம் கண்காணிப்பாளருக்குக் கிடைத்தது. அக்காவின் அறைக்கு ஒரு மின்விசிறி கிடைத்தது. அந்த முப்பத்தொரு கோப்புகளையும் அவர் விடவில்லை. அதிலிருந்தும் மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்தும் சேர்த்து மூன்று வருஷத்தில் பதினொரு பரிமாற்றம் முடித்தார். இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கு நிலைக்கவில்லை. அந்தப் பெண் ஆறாம் மாதம் மறுபடி டயாலிசிஸுக்கு வந்தாள். அவளுக்குக் கொடுத்தவரின் வீட்டு ஆள் நன்றாக இருக்கிறார், ஆனால் அவள் அப்படி இல்லை. அவள் வரும் நாட்களில் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அக்கா சாப்பிடுவார்.

ஓய்வு பெற்ற நாளில் அக்காவுக்குப் பிரிவுபசார விழா நடத்தினார்கள். இப்படி ஒரு திட்டம் தன் மனதில் எப்படி உதித்தது என்று கண்காணிப்பாளர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்று, ஒத்துப்போகிறது என்று தலையை ஆட்டினேன். மூன்று குடும்பங்கள் வளையமாக மாற்றிக்கொள்ளும் முதல் முயற்சி அது. கடைசி முடிவு அப்போதுதான் வந்திருந்தது. அக்கா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வந்து, என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஆறு தியேட்டர் வேணும்டா. நம்மகிட்ட நாலுதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினார்.